சிங்கியின் சிலம்பு எங்கே கிடைத்தது?

குற்றாலக் குறவஞ்சி என்றதும் பள்ளியில் அதைப் படித்தவர்களுக்குக் குரங்குகள்தான் ஞாபகத்துக்கு வரும். குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் பகுதி அது. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூடவே கொஞ்சம் பெருமையும் உண்டு. எழுதியவர் மேலகரத்துக்காரர். டவுன் பஸ்ஸில் தாண்டிப் போகிற ஊர். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது, புத்தகத்தை முழுசாக வாசிக்காமலேயே. முப்பது தாண்டியபிறகு ஒரு மழை வாரத்தில் முழுசாக வாசித்தேன். நான் மாட்டிக்கொண்டு நின்றது மலையில் இல்லை. கடைசிப் பகுதியில், சிங்கன் சிங்கியைக் கேள்வி கேட்கிற இடத்தில்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கதைதான். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது. குற்றாலநாதர் வீதியுலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி பார்த்து மயங்குகிறாள். நிலாவைத் திட்டுகிறாள், மன்மதனைத் திட்டுகிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள். அப்போது குறத்தி வருகிறாள். மலைவளம் சொல்கிறாள், கை பார்த்துக் குறி சொல்கிறாள், பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். வசந்தவல்லியின் கதை அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கவிராயர் விடவில்லை. பறவை பிடிக்க வந்த சிங்கன், பெண்டாட்டியைக் காணாமல் வேலையைப் போட்டுவிட்டுத் தேடி அலைகிறான். கடைசியில் கண்டுபிடிக்கிறான். பார்த்தால் அவள் உடம்பு முழுக்க நகை.

என்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் எங்கே போனாய் என்பது முதல் கேள்வி. பிறகு காலிலிருந்து தொடங்குகிறான். நகை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை, அல்லது தெரியாததுபோலக் கேட்கிறான். காலில் விரியன் பாம்பு கிடக்கிறதே, அது என்ன? சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்கிறாள். மண்புழு மாதிரி நெளிகிறதே? பாண்டியன் மகளுக்குக் குறி சொன்னதற்குப் போட்ட பாடகம். செத்த தவளையைக் காலில் கட்டியிருக்கிறாயே? குற்றாலர் சந்நிதிப் பெண்கள் கொடுத்த கெச்சம். இப்படிக் கேள்வி அங்கம் அங்கமாக மேலே ஏறுகிறது.

மேடையில் சிரிப்பு வர எழுதிய இடம் இது. நானும் சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன். நாலாவது கேள்வியில் சிரிப்பு நின்றுவிட்டது. இது விசாரணை. கையில் இருக்கும் பொருளைக் காட்டி, இது உனக்கு எப்படி வந்தது என்று ஒரு குறத்தியைக் கேட்கிறார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் ரசீது காட்டுவதுபோல ஒரு ஊர், ஒரு வேலை, கொடுத்தவர் யார் என்று பதில் சொல்கிறாள். கவிராயரின் உலகத்தில் அந்தப் பதில் செல்லுபடியாகிறது. சிங்கன் நம்புகிறான். கேள்விகள் தீர்ந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இந்த இடம் என்னை நிறுத்தியதற்கு இன்னொரு காரணம் உண்டு. தொண்ணூறுகளின் கடைசி, ஜூலை மாதம், நல்ல சாரல். மதுரையிலிருந்து அத்தை குடும்பம் சீசனுக்கு வந்திருந்தது. ஐந்தருவிக்குப் போனோம். குளிப்பதற்கு முன்னால் ஒரு குறத்தி அத்தைக்குக் கை பார்த்துக் குறி சொன்னாள். குளித்துவிட்டு வந்தால் அத்தை கழுத்தில் செயினைக் காணோம். அடுத்த ஐந்து நிமிஷத்தில் எங்கள் வீட்டார் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துச் சுற்றி நின்றார்கள். சித்தப்பா அவள் கூடையைக் கவிழ்த்தார். நான் ஈர டிரவுசரோடு பார்த்துக்கொண்டு நின்றேன். செயின் அதில் இல்லை. இல்லை என்பதால் அவள் எடுக்கவில்லை என்று ஆகிவிடவில்லை, யாரிடமோ கைமாற்றிவிட்டாள் என்று ஆனது. திரும்பும்போது வேனில் சித்தப்பா சொன்னார்: "வளர்ப்பு அப்படி. நல்லது கெட்டது அதுகளுக்கு யாரு சொல்லிக் குடுத்திருக்கா?" சாயங்காலம் வீட்டில் ஈரத் துண்டை உதறியபோது செயின் விழுந்தது. யாரும் ஐந்தருவிக்குத் திரும்பிப் போகவில்லை.

சித்தப்பாவின் அந்த வாக்கியத்துக்குச் சமூகவியலில் மரியாதையான ஒரு வடிவம் இருக்கிறது. சமூகமயமாதல் போதாமல் போகும்போது நெறிபிறழ்வு உண்டாகிறது. டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் எழுதிய புத்தகத்தில் அதைத் தலைகீழாகக் கேட்டார்: மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள், பெரும்பாலானவர்கள் ஏன் செய்வதில்லை என்று கேளுங்கள். அவருடைய விடை, பிணைப்பு. பெற்றோரிடம் பாசம், எதிர்காலத்தில் முதலீடு, செய்ய வேலை, விதிகளில் நம்பிக்கை. இவை இளைத்தால் ஆள் நழுவுவான். 1990இல் மைக்கேல் காட்ஃபிரட்சனோடு சேர்ந்து எழுதியபோது இன்னும் இறுக்கிவிட்டார். சின்ன வயதில் வீட்டில் கண்காணித்துத் திருத்தி வளர்க்காத பிள்ளைக்குத் தன்னடக்கம் வராது, பின்னால் வரும் குற்றங்களுக்கு அதுதான் வேர் என்றார். வளர்ப்பு சரியில்லை. எங்கள் சித்தப்பா இரண்டு பேரையும் வாசித்ததில்லை.

இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கவனிப்பார் இல்லாத பிள்ளை கெட்டுப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எனக்குள்ள சிக்கல் 'போதாமல்' என்ற சொல்லில் இருக்கிறது. எதற்குப் போதவில்லை? யார் அளந்தார்கள்?

குறவஞ்சிக்கே திரும்புகிறேன். சிங்கி தன் மலையைப் பாடுகிறபோது தன் குலத்தின் சட்டதிட்டங்களையும் சொல்லிவிடுகிறாள். வேறு குலத்துக்குப் பெண் கொடுக்க மாட்டோம், வேறு குலத்தில் எடுக்கவும் மாட்டோம், ஒருவரோடு உறவு என்று ஆகிவிட்டால் பிறகு விட மாட்டோம். (முதல் இரண்டையும் எந்தத் தமிழ்ச் சாதியும் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ளும். மூன்றாவதுதான் கஷ்டம்.) கிழங்கு எடுப்பது எப்படி, தேன் எடுப்பது எப்படி என்பதும் அவள் பேச்சில் இருக்கிறது. சிங்கனின் பகுதியில் கண்ணி வைக்கிற முறை, எந்தப் பறவை எந்த வயலில் மேயும், கூட்டாளி நூவன் எதற்கு எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் வருகிறது. இவர்கள் கட்டுக்கோப்பாக வளர்க்கப்பட்டவர்கள். ஹிர்ஷி கேட்கிற நாலு பிணைப்பும் சிங்கியிடம் உண்டு. அவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, நிலையான முகவரி.

அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வெள்ளைக்கார அரசு வந்தது.

மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட ஆய்வுநூல் முழுக்க மெட்ராஸ் மாகாணத்துக் கொரவர்களைப் பற்றியது. அதை வாசித்தபிறகு குறவஞ்சியைப் பழைய மாதிரி வாசிக்க முடியாது. மாட்டின் மேலும் கழுதையின் மேலும் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்துகொண்டிருந்த வியாபாரிகள் அவர்கள். ரயில் வந்தது. உப்பு அரசின் கைக்குப் போனது. காட்டுச் சட்டங்கள் மேய்ச்சலையும் மூங்கிலையும் பூட்டின. நடுவில் 1876-78 பஞ்சம். பிழைப்புப் போனது, நடப்பது மட்டும் மிஞ்சியது. வேலை இல்லாமல் நடக்கிறவனைப் பார்த்தால் அரசுக்குத் திருடனாகத் தெரிந்தது. சிலர் திருடவும் செய்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

1871இல் வடக்கே கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்தோடு மெட்ராஸுக்கும் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் கொரவர்களின் பல பிரிவுகள் அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. பதிவு செய்ய வேண்டும், கைரேகை கொடுக்க வேண்டும், சொன்ன நேரத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ராத்திரி வீட்டில் இல்லாமல் இருப்பதே தண்டனைக்குரிய காரியம் ஆனது. சிங்கனின் முதல் கேள்வியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சொல்லாமல் எங்கே போனாய்? புருஷன் கேட்டால் அது ஊடல். அரசு கேட்டபோது ஆறு மாசமோ ஒரு வருஷமோ உள்ளே. இது போதாதென்று அந்தக்கால குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு வேறு இருந்தது. பிழைப்புக்கு வழி என்னவென்று காட்ட முடியாதவர், தன்னைப் பற்றித் திருப்தியான கணக்குச் சொல்ல முடியாதவர், இவர்களிடம் நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்கலாம். சேலத்தில் குறி சொன்னேன், சிலம்பு கொடுத்தார்கள் என்றால் எந்த இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி வரும்?

வளர்ப்பைச் சரிசெய்யும் திட்டமும் இருந்தது. ஆந்திரத்தில் இன்றைய பாபட்லா பக்கம் ஸ்டூவர்ட்புரம் என்ற குடியிருப்பை சால்வேஷன் ஆர்மி நடத்தியது. கொரவர்களுக்குத் தெலுங்கில் எருகுலர் என்று பெயர். அவர்களைக் கொண்டுவந்து அடைத்த இடம். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் போட 1911 சட்டமே இடம் கொடுத்தது. பெரியவர்கள் பக்கத்தில் சீராலாவில் இருந்த புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். சால்வேஷன் ஆர்மியின் பூத்-டக்கர் இந்தக் கலைக்கு 'கிரிமினோகியூராலஜி' என்று பெயரே வைத்தார். குற்றத்தை நோயாகப் பார்த்துக் குணப்படுத்துகிற வித்தை. ஒரு சமூகம் தன் பிள்ளைகளை வளர்த்த முறையை உடைத்தார்கள், பிறகு வளர்ப்பு இல்லாத பிள்ளைகள் என்று பேர் வைத்தார்கள். மீனா ராதாகிருஷ்ணா இதைக் கோபம் காட்டாமல் ஆவணம் ஆவணமாக அடுக்குகிறார். கோபம் வாசிக்கிற நமக்குத்தான் வருகிறது.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் தொகுதியிலும் கொரவர் பற்றிய பகுதி நீளம். அதற்கு முன்பே, 1892இல், போலீஸ் அதிகாரி முல்லாலி மெட்ராஸ் மாகாணத்துக் 'குற்ற வகுப்புகள்' பற்றிக் கையேடு எழுதிவிட்டார். 1928இல் ஹேட்ச் என்ற மிஷனரி எழுதியது முழுப் புத்தகம், தலைப்பே 'இந்தியாவின் தரைக்கொள்ளையர்கள்' என்ற அர்த்தத்தில். எப்படிச் சுவர் துளைப்பார்கள், என்ன சங்கேதம் பேசுவார்கள், எப்படிச் சகுனம் பார்ப்பார்கள் என்கிற மாதிரி விவரங்கள் இந்த நூல்வகையின் சுவை. எனக்கு இவற்றைப் பார்க்கும்போது சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் ஞாபகம் வருகிறது. கோவலனைப் பார்த்த காவலர்களுக்கு முதலில் சந்தேகம்தான். இந்த ஆளைப் பார்த்தால் திருடன் மாதிரித் தெரியவில்லையே என்கிறார்கள். அதற்குப் பொற்கொல்லன் சாட்சி எதையும் காட்டவில்லை. கொள்கை சொன்னான். களவு நூல் என்று ஒன்று இருக்கிறது, திருடர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று எட்டுத் துணைகள் உண்டு, பார்வைக்கு நல்லவனாகத் தெரிவதுதான் அவர்கள் திறமை. அவ்வளவுதான், வாள் இறங்கிவிட்டது. தமிழில் குற்றவியல் கோட்பாட்டுக்குப் பலியான முதல் ஆள் கோவலன் என்று சொல்லத் தோன்றுகிறது. அங்கேயும் பொருள் சிலம்புதான். பிறகு மலை ஏறிய கண்ணகியை நம்பித் தெய்வமாக்கி ஆடிய முதல் ஆட்கள் யார்? குன்றக் குறவர்கள்.

தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலை ஒருதடவை திறந்து பாருங்கள். சேலம் மேல்நாட்டுக் கொரவர், சேலம் உப்புக் கொரவர், ஆத்தூர் கீழ்நாட்டுக் கொரவர், ஆத்தூர் மேல்நாட்டுக் கொரவர், கந்தர்வக்கோட்டைக் கொரவர், தோகைமலைக் கொரவர், வரகனேரிக் கொரவர், இஞ்சிக் கொரவர். ஊர்ப் பெயரும் சரக்குப் பெயருமாக நீள்கிறது. இதை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிங்கியின் பதில்கள்தான் காதில் கேட்டன. அவளும் இப்படித்தான் ஊர் ஊராகச் சொன்னாள். அவள் சொன்னது நடந்து சம்பாதித்த ஊர்கள். அதே ஊர்கள் அரசின் காகிதத்தில் எந்த ஊர்க் குற்றவாளி என்பதற்கான அடையாளம் ஆகிவிட்டன. சேலம் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது.

நான் வேலை செய்கிற துறையில் இதற்கு ஒரு சாதாரணப் பெயர் உண்டு, லேபிள். பழைய தரவுக்கு யாரோ ஒட்டிய லேபிளைப் பார்த்து நிரல் கற்றுக்கொள்ளும். போலீஸ் ஒரே தெருவில் மட்டும் சோதனை போட்டால் அந்தத் தெருவில் மட்டும் திருட்டு அகப்படும். அடுத்த வருஷம் நிரல் அதே தெருவைக் காட்டும். ஹோவர்ட் பெக்கர் 1963இலேயே கிட்டத்தட்ட இதைச் சொன்னார்: நெறிபிறழ்வு என்பது செய்கையில் இருக்கிற குணம் இல்லை, மற்றவர்கள் விதி போட்டு அதை ஒரு ஆள்மேல் பிரயோகிப்பதன் விளைவு. ஆனால் பெக்கரை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்துபோனாலும் கணக்கு நேராகாது. ஒட்டிய லேபிளைக் கிழித்தால் மட்டும் உப்பு வியாபாரம் திரும்பி வந்துவிடாது.

மெட்ராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது, நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31இல். நீக்கிய கையோடு மெட்ராஸ் 1948இல் பழக்கக் குற்றவாளிகள் சட்டம் ஒன்று போட்டது. காகிதத்தில் இப்போது சாதி இல்லை, தனி ஆள்தான். ஸ்டேஷன்களின் ஞாபகம் அவ்வளவு சீக்கிரம் மாறுமா? 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில், நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட ஒருவர் சித்திரவதையில் இறந்தார். 2021இல் வந்த ஜெய்பீம் அந்த வழக்கிலிருந்து எடுத்த படம். இறந்தவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படம் அவரை இருளராக மாற்றியது. அதற்குப் படம் எடுத்தவர்களிடம் காரணம் இருக்கலாம். ஆனால் இறந்தபிறகும் அந்த மனிதருக்குச் சொந்த முகவரி கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. படத்தில் அவன் பாம்பு பிடிக்க ஒரு வீட்டுக்குள் போகிறான், பிறகு அந்த வீட்டில் நகை காணாமல் போகிறது. சிங்கன் நகையைப் பாம்பாகப் பார்த்த வரிகளை வாசித்துவிட்டு இந்தக் காட்சியைப் பார்த்தால் வயிற்றை ஏதோ செய்யும்.

2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளைச் செல்லாது என்றது. பிறப்பைப் பார்த்துப் 'பழக்கக் குற்றவாளி' என்று எழுதிவைக்கும் வழக்கமும் அதில் அடிபட்டது. எழுபத்திரண்டு வருஷம் கழித்து.

இப்போது தென்காசி மாவட்டத்துக்கே வருகிறேன். 2022 செப்டம்பர், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளம். கடைக்குத் தின்பண்டம் வாங்க வந்த பட்டியலினப் பிள்ளைகளிடம், இனி உங்கள் தெரு ஆட்களுக்குக் கொடுக்க மாட்டோம், ஊர்க் கட்டுப்பாடு, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்கிற வீடியோ எல்லா போனிலும் சுற்றியது. கைதானார்கள், கடைக்கு சீல் வைத்தார்கள். அந்த வீடியோவில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது அவர் குரல். கோபமே கிடையாது. நிதானமாக, ஒரு பொறுப்பான மனிதனைப்போலச் சொல்கிறார். கட்டுப்பாட்டுக்குக் கட்டுப்பட்டவர். ஹிர்ஷியின் அளவுகோலை வைத்தால் அவருக்கு முழு மார்க் போட வேண்டியிருக்கும். ஊர்மேல் பிணைப்பு, தொழில், விதிகளில் நம்பிக்கை, எதிலும் குறை இல்லை.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் நாங்குநேரி. கூடப் படிக்கிற பட்டியலின மாணவனை அவன் வீட்டுக்கே போய் அரிவாளால் வெட்டினார்கள் பள்ளிக்கூடப் பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வளர்ப்பு சரியில்லை என்று டிவியில் ஆளாளுக்குப் பேசினார்கள். சதர்லாண்ட் என்கிற அமெரிக்கர் சொன்னது இங்கேதான் உறைக்கிறது. குற்றமும் மற்ற எதையும்போல நெருங்கியவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதுதான் என்றார் அவர். அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது பொய். கையில் என்ன நிறக் கயிறு, யாரோடு பேசலாம், எவன் நன்றாகப் படித்தால் நமக்கு அவமானம், எல்லாம் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை அந்தக் கைக்கயிறுகளையும் பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியையும் அகற்றச் சொன்னது. வளர்ப்பு போதவில்லை என்று பேசுகிற யாரும் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசி நான் பார்க்கவில்லை. கம்மாபுரம் வழக்கை வக்கீலாக நடத்தியவரும் இதே சந்துருதான்.

இவ்வளவு சொன்னதால் குறவஞ்சியை ஒரு நியாயசபை மாதிரி நான் தூக்கிப்பிடிப்பதாக நினைக்க வேண்டாம். அதுவும் வெளியிலிருந்து எழுதியதுதான். கவிராயருக்குக் குறத்தியின் பேச்சுமேல் இருக்கிற காதல் நிஜம். அவள் வாழ்க்கைமேல் இருக்கிற அக்கறை எவ்வளவு என்பது சந்தேகம். சிங்கன் பகுதியில் வருகிற காமமும் கள்ளும், பெரிய வீட்டுப் பெண்ணின் காதல் கண்ணியமாக முடிந்தபிறகு சபை சிரிப்பதற்காக வைத்தவை. வசந்தவல்லிக்கு வந்தால் விரகம், சிங்கனுக்கு வந்தால் வேடிக்கை. மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் இந்தப் பாட்டுக்குப் பரிசாகக் கவிராயருக்கு நிலம் கொடுத்தார், குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயர் என்பார்கள். குறி சொன்னது குறத்தி, மேடு கவிராயருக்கு.

இந்த வேடிக்கை பிறகு இரண்டு வழியாகப் பிரிந்துபோனது. ருக்மிணி தேவி 1944இல் கலாக்ஷேத்ராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடை ஏற்றினார். அந்த வருஷம் அதே மாகாணத்தில் நிஜக் குறத்தி ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். மேடைக் குறத்திக்குக் கைதட்டல். இன்னொரு வழி திருவிழா மேடைகளில் குறவன் குறத்தி ஆட்டமாகப் போனது. அந்தப் பெயரும் அந்த ஆபாசமும் எங்களை இழிவுபடுத்துகிறது என்று குறவர் சமூகத்தினர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஷயம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், 2023இல் அரசு அந்த ஆட்டத்தைத் தடைசெய்தது. தடையைக் கலைக்கு எதிரானது என்று எழுதிய நண்பர்கள் உண்டு. கொஞ்ச நாள் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். இப்போது இல்லை. ஒரு சமூகத்தின் பெயரையே வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிற மொழியில் நின்றுகொண்டு அவர்களிடம் கலைச் சகிப்பு கேட்பது கொஞ்சம் அதிகம்.

அருவிக்கரையில் பாசிமணி விற்கிறவர்களையும் நாம் குறவர் என்றே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அவர்கள் நரிக்குறவர். பேசுகிற மொழியே வேறு, வாக்ரி. 2023 தொடக்கத்தில்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அன்றைக்கு அத்தைக்குக் கை பார்த்தவள் எந்தச் சமூகம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கூடை இருந்தது, குறி சொன்னாள், அது போதுமாக இருந்தது.

போன மாசம் இதை எழுத உட்கார்ந்தபோது அத்தைக்கு போன் போட்டேன். எழுபது வயசு, ஞாபகம் கூர்மை. ஐந்தருவியில் செயின் தொலைந்த கதையை ஆரம்பித்ததும், "தொலையலையேடா, துண்டுல இருந்துச்சுல்லா" என்றாள். அந்தப் பொம்பளை ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவ காலுல வெள்ளித் தண்டை கெடந்துச்சு. உனக்கு இது ஏதுட்டின்னு நாந்தான் கேட்டேன்" என்றாள்.

அவ என்ன சொன்னா?

"சங்கரன்கோயில் ஆடித்தபசுல வாங்குனதுன்னா. ரெண்டு வருசம் காசு சேத்து வாங்குனேன், நீங்க வேணா கடையில வந்து கேளுங்கன்னா."